சுகவீனமானவர்களை விசாரிக்கப் போகிறவர்கள் கேட்கும் கேள்விகள்

எங்களுடையது திருநெல்வேலிப் பக்கத்து சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபை. சனிக்கிழமை சாயங்காலம் ஆறேழு பேர் சேர்ந்து சுகவீனமானவர்களைப் பார்க்கப் போவோம். நான் பன்னிரண்டு வருஷமாகப் போகிறேன். புதிதாகக் கூட வருகிறவர்கள் ஆட்டோவில் ஏறியதும் கேட்கிற சந்தேகங்கள் அநேகமாக ஒன்றேதான். அவர்கள் கேட்டபடியே இங்கே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலையும் சேர்த்திருக்கிறேன். மருந்து, பத்தியம் பற்றி நான் சொல்வது பொதுவானது. அதில் முடிவு அந்தந்த நோயாளியின் டாக்டருடையது.

நோயாளியைப் பார்க்கப் போறது ஐயரோட வேலைதானே? நாங்க எதுக்கு?

ஐயர், அதாவது நம் போதகர், வருவார். ஆனால் ஒரு சேகரத்தில் (அவர் பொறுப்பில் உள்ள வட்டாரத்தில்) பல சபைகள் இருக்கும், அவர் ஒருவர்தான். யாக்கோபு நிருபத்தின் ஐந்தாம் அதிகாரத்திலும் வியாதிப்பட்டவன் "சபையின் மூப்பர்களை" வரவழைக்கட்டும் என்றுதான் இருக்கிறது. ஒருத்தரை இல்லை, பலரை.

மத்தேயு 25-ல் ஆண்டவர் சொல்வதைப் பாருங்கள்: "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்கவந்தீர்கள்." குணமாக்க வந்தீர்கள் என்று அவர் சொல்லவில்லை. நம் ஊரில் யாராவது வெளியூர் போனால் "அம்மாவை விசாரிச்சேன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்புவோமே, அந்த விசாரிப்புதான். அதற்குப் பட்டமோ அபிஷேகமோ வேண்டியதில்லை. படுக்கையில் இருப்பவர் சபைக்கு வர முடியவில்லை, அதனால் சபை அவரிடம் போகிறது. கீழே வரும் பதில்கள் பெரும்பாலும் இதிலிருந்து கிளைத்தவைதான்.

போனா என்ன பேசுறது? எனக்குப் பேசவே வராது.

அப்படியானால் நீங்கள்தான் வர வேண்டும். வேதத்தில், எல்லாவற்றையும் இழந்து நோயில் கிடந்த யோபுவின் மூன்று நண்பர்களை நாம் குறை சொல்கிறோம். ஆனால் முதல் ஏழு நாள், இரவும் பகலும், ஒரு வார்த்தை பேசாமல் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்களே, அதை யார் செய்வார்கள்? அவர்கள் வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் எல்லாம் கெட்டது.

"எப்படி இருக்கீங்க?" என்பதைவிட "ராத்திரி தூங்குனீங்களா?" என்று கேளுங்கள். முதல் கேள்விக்கு "நல்லா இருக்கேன்" என்று ஒரு பொய்தான் பதிலாக வரும். இரண்டாவதற்கு உண்மையான பதில் வரும். அப்புறம் கேட்டுக்கொண்டிருந்தாலே போதும். "எங்க சித்தப்பாவுக்கும் இதேதான், மூணு மாசத்துல போயிட்டாரு" என்கிற மாதிரி கதைகள் வேண்டாம். நல்ல மனதோடு பேசுகிறவர்கள் வாயிலிருந்தே இது வந்துவிடுகிறது, நான் நேரிலேயே கேட்டிருக்கிறேன்.

எவ்வளவு நேரம் இருக்கலாம்?

ஆஸ்பத்திரியில் பத்து நிமிஷம். வீட்டில் கால் மணி நேரம். போவதற்கு முன் போன் பண்ணிக் கேளுங்கள். டயாலிசிஸ் நாளிலும், கீமோ ஏற்றிய அடுத்த இரண்டு மூன்று நாளிலும் பலர் துவண்டு கிடப்பார்கள். சளி, காய்ச்சல் உங்களுக்கு இருந்தால் போகாதீர்கள். கீமோ எடுப்பவருக்கு அது பெரிய ஆபத்தாகிவிடும்.

ஹார்லிக்ஸ், ஆப்பிள், இளநீர் வாங்கிட்டுப் போனா போதும்ல?

சில பேருக்கு அதுவே கெடுதல். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு இளநீரிலும் வாழைப்பழத்திலும் ஆரஞ்சிலும் உள்ள பொட்டாசியம் உடம்பில் தங்கி, இதயத்துடிப்பையே பாதிக்கலாம். பலருக்கு ஒரு நாளில் குடிக்கும் தண்ணீருக்குக்கூட அளவு உண்டு. நாம் ஆசையாகக் கொண்டுபோன இளநீரை மறுக்கவும் முடியாமல் குடிக்கவும் முடியாமல் அவர் தவிப்பார். சர்க்கரை நோயாளிக்கு ஹார்லிக்ஸும் அப்படித்தான்.

நான் கண்டவரை ஆஸ்பத்திரியில் அதிகம் தேவைப்படுவது கூட இருப்பவருக்கான சாப்பாடு. நோயாளிக்குப் பாலும் ரொட்டியும் கிடைத்துவிடும். அவர் மனைவி மத்தியானம் சாப்பிட்டாரா என்று கேட்க ஆள் இருக்காது. ஒரு தூக்குச்சட்டியில் சோறும் ரசமும், பஸ் செலவுக்குக் கொஞ்சம் பணம், ஒரு ராத்திரி "நீங்க வீட்டுக்குப் போய்த் தூங்குங்க, நான் இருக்கேன்" என்கிற வார்த்தை. இவற்றை எந்த டாக்டரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை.

எல்லாரும் சேர்ந்து சத்தமா ஜெபிச்சாத்தானே பலன்?

வார்டில் பக்கத்துக் கட்டிலில் ஆபரேஷன் முடிந்து ஒருவர் கண்ணயர்ந்திருப்பார். அவரும் ஆண்டவருடைய பிள்ளைதான். நம் சத்தத்தில் அவர் விழித்துக்கொண்டால், இந்தப் பக்கம் ஒருவருக்காக ஜெபித்து அந்தப் பக்கம் ஒருவரை வருத்தினதாகிவிடும். மெல்லிய குரலில், இரண்டு நிமிஷம். நீளமான ஜெபத்தை வீட்டில் வைத்துக்கொள்ளலாம்.

ஜெபிப்பதற்கு முன் "என்ன சொல்லி ஜெபிக்கட்டும்?" என்று கேட்டுவிடுங்கள். எரிகோவில் பார்வையில்லாத பர்திமேயு கூப்பிட்டபோது, அவனுக்கு என்ன வேண்டும் என்பது ஆண்டவருக்குத் தெரியாதா? தெரிந்தும், நான் உனக்கு என்ன செய்ய வேண்டும் என்று அவனிடமே கேட்டார். புற்றுநோயோடு இருந்த ஒரு பாட்டியிடம் நான் இதைக் கேட்டேன். சுகம் வேண்டும் என்பார் என்று நினைத்தேன். "பேரன் பேசாம இருக்கான், அவன் பேசணும்னு ஜெபம் பண்ணும்மா" என்றார். அதுவரை நாலு வாரமாக நாங்கள் அவருடைய கட்டிக்காக மட்டுமே ஜெபித்துக்கொண்டிருந்தோம்.

வேண்டாம் என்று சொன்னால் ஜெபிக்காமல் வாருங்கள். வீட்டுக்கு வந்து ஜெபிப்பதை யாரும் தடுக்கவில்லை.

எண்ணெய் பூசுறது கத்தோலிக்கர் வழக்கமாச்சே, நம்ம சபையில செய்யலாமா?

முதல் பதிலில் சொன்ன யாக்கோபு நிருபத்திலேயே, கர்த்தருடைய நாமத்தினாலே எண்ணெய் பூசி ஜெபிக்கும்படி இருக்கிறது. ஆகவே அது எல்லாருக்கும் உரிய வழக்கம். கத்தோலிக்க சபையில் ஒரு காலத்தில் இதை 'அவஸ்தைப்பூசுதல்' என்று சொல்லி, சாகும் நேரத்துக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கத்துக்குப் பிறகு 'நோயில்பூசுதல்' என்ற பெயரில், கடுமையான நோயில் இருக்கும் எவருக்கும் கொடுக்கிறார்கள். பெயர் மாறியது நல்ல மாற்றம். முன்பெல்லாம் சாமியார் எண்ணெயோடு வருவதைப் பார்த்தாலே நோயாளி பயந்துவிடுவார் என்று என் கத்தோலிக்கத் தோழி சொல்வாள்.

நமக்குள் யாராவது விரும்பினால் ஐயரிடம் சொல்லுங்கள். நாமாக பாட்டிலில் எண்ணெய் வாங்கிக்கொண்டு போய், மந்திரித்த எண்ணெய் போல விநியோகிப்பது சரியில்லை.

படுத்த படுக்கையா இருக்கிறவங்க திருவிருந்து எடுக்க முடியுமா? விழுங்கக்கூட முடியலையே.

முடியும். கி.பி. 150-ஐ ஒட்டி ரோமாபுரியில் எழுதிய ஜஸ்டின் என்ற கிறிஸ்தவ அறிஞர், ஞாயிறு கூட்டம் முடிந்ததும் வர இயலாதவர்களுக்கு உதவிக்காரர்கள் திருவிருந்தின் அப்பத்தையும் திராட்சரசத்தையும் எடுத்துப்போனதைக் குறித்து வைத்திருக்கிறார். கட்டடமே இல்லாத காலத்துச் சபை, வராதவரை எண்ணிப் பார்த்திருக்கிறது.

ஐயரிடம் முன்கூட்டியே சொன்னால் ஆராதனை முடிந்து வீட்டுக்கு வருவார். விழுங்கச் சிரமம் என்றால் அதையும் சொல்லுங்கள். திராட்சரசத்தில் நனைத்த ஓர் அப்பத் துணுக்கு போதும். மூக்கு வழியாகக் குழாய் போட்டிருந்தால் நர்ஸிடம் கேட்காமல் வாயில் எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கு வீட்டில் இருப்பவர்களும் சேர்ந்து எடுக்கட்டும். அவர்களும் பல மாதமாகக் கோயிலுக்கு வரவில்லை என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு? எங்க பக்கத்து வீட்டு அண்ணாச்சி எல்லாத்தையும் தூக்கிப் போட்டுட்டார்.

இதற்கு நீளமாகவே பதில் சொல்கிறேன். எசேக்கியா ராஜா மரண வியாதியில் அழுது ஜெபித்தார், ஆண்டவரும் கேட்டார். அப்படியும் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழத்து அடையைக் கொண்டுவரச் சொல்லி, கட்டியின் மேல் பற்றுப்போட வைத்தார். அப்போஸ்தலன் பவுலின் கூட்டாளி லூக்காவை "பிரியமான வைத்தியன்" என்றே வேதம் அழைக்கிறது. வைத்தியம் விசுவாசத்துக்கு எதிரி என்றால் இந்த வரிகளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

நம் பக்கத்துச் சரித்திரத்தையும் பாருங்கள். நெய்யூரில் 1838-லேயே லண்டன் மிஷன் டாக்டர் ஆர்ச்சிபால்ட் ராம்சே வைத்தியப் பணியைத் தொடங்கினார். யாழ்ப்பாணம் மானிப்பாயில் டாக்டர் சாமுவேல் கிறீன் மருத்துவத்தைத் தமிழிலேயே சொல்லிக்கொடுத்து, மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் மூன்று ஆண்கள், பிரசவ வேதனையில் இருந்த தங்கள் மனைவிகளுக்கு உதவி கேட்டு ஐடா ஸ்கடரிடம் வந்தார்கள். அவருடைய அப்பா டாக்டர்தான், ஆனால் ஆண் டாக்டர் வரக் கூடாது என்றார்கள். மூன்று பெண்களும் இறந்துபோனார்கள். ஐடா மிஷனெரி வீட்டுப் பெண், ஜெபம் தெரியாதவர் இல்லை. அவர் அமெரிக்கா போய் மருத்துவம் படித்துத் திரும்பி, 1900-ல் வேலூரில் ஒரே ஒரு கட்டிலோடு சிகிச்சை தொடங்கினார். 1918-ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி வைத்தார். இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) அப்படி வளர்ந்ததுதான்.

அண்ணாச்சியிடம் இதையெல்லாம் பிரசங்கமாகச் சொல்ல வேண்டாம். என்ன மாத்திரை என்று முதலில் கேளுங்கள். இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிருக்கு ஆபத்து வரலாம். வலிப்பு மாத்திரையைத் திடீரென்று விட்டால் வலிப்பு முன்னைவிட மோசமாக வரலாம். காசநோய்க்கு வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். பாதியில் விட்டால் கிருமி மருந்துக்கு அடங்காததாக மாறி வீட்டுப் பிள்ளைகளுக்கும் தொற்றலாம். எங்களுக்குத் தெரிந்த ஒரு தம்பியை, ஒரு ஜெபக் கூட்டத்தில் சாட்சி சொல்ல மேடையேற்றி மாத்திரையை நிறுத்த வைத்தார்கள். ஆறு வாரம் கழித்து நாங்கள் அவனைத் தீவிர சிகிச்சைப் பிரிவில்தான் பார்த்தோம். பிழைத்துக்கொண்டான். மேடையில் ஏற்றியவர்கள் யாரும் அங்கே வரவில்லை. இன்னும் எனக்கு அது ஆறவில்லை.

அத்தனை பேர் ஜெபிச்சும் சுகமாகலையே. விசுவாசக் குறைவா, ஏதாவது பாவமா?

பிறவியிலேயே பார்வையில்லாத ஒருவனைப் பார்த்து சீஷர்கள் கேட்டதும் இதையேதான்: இவன் செய்த பாவமா, பெற்றவர்கள் செய்த பாவமா? இரண்டும் இல்லை என்றார் ஆண்டவர். யோவான் ஒன்பதாம் அதிகாரத்தில் அவ்வளவு தெளிவாக இருந்தும், நம் வீடுகளில் அந்தக் கேள்வி ஓயவில்லை.

பவுல், தன் மாம்சத்தில் ஒரு முள் என்று அவர் சொல்கிற உபாதை நீங்க மூன்று தரம் வேண்டினார். முள் போகவில்லை, "என் கிருபை உனக்குப்போதும்" என்ற பதில்தான் வந்தது. எத்தனையோ பேரைச் சுகப்படுத்தின அதே பவுல், துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதிப்பட்டவனாக விட்டுவந்தேன் என்று எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் போதவில்லை என்று ஒரு வார்த்தை இல்லை. ஏன் ஒருவருக்குச் சுகம் கிடைக்கிறது, இன்னொருவருக்கு இல்லை என்று என்னிடம் கேட்டால், எனக்குத் தெரியாது என்றுதான் சொல்வேன். படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து காரணம் கண்டுபிடிப்பவர்கள் என்ன ஆனார்கள் என்பதை யோபு விஷயத்தில் மேலே பார்த்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பேரையும் வியாதியையும் சொல்லி ஜெபிச்சா நல்லதுதானே? வாட்ஸ்ஆப்பிலயும் போடலாம்ல?

கேட்டுவிட்டுப் போடுங்கள். பெயரைச் சொல்லலாமா, வியாதியைச் சொல்லலாமா என்று தனித்தனியாகக் கேளுங்கள். சிலர் பெயர் போதும் என்பார்கள். ஸ்கேன் ரிப்போர்ட்டைப் படம் எடுத்துக் குழுவில் போடுவது எந்தக் காரணத்துக்காகவும் கூடாது. கல்யாணத்துக்குப் பெண் பார்க்கும் வீட்டில், ஒரு ஜெபக் குறிப்பு எவ்வளவு தூரம் பயணம் செய்யும் என்று உங்களுக்கே தெரியும்.

எச்.ஐ.வி. என்றால் இது சட்ட விஷயமும்கூட. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்புச் சட்டம், சம்பந்தப்பட்டவரின் சம்மதமில்லாமல் அவர் நிலையை வெளியிடுவதைத் தடுக்கிறது. ஜெபத்துக்காகத்தான் சொன்னேன் என்பது அங்கே நிற்காது.

மனசு சரியில்லாத பிள்ளைக்குப் பிசாசு பிடிச்சிருக்குன்னு சொல்றாங்க. பிசாசு விரட்டுற இடத்துக்குக் கூட்டிட்டுப் போகலாமா?

முதலில் மனநல மருத்துவரிடம். அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் இதற்குத் தனிப் பிரிவு இருக்கிறது. அவசரமாகப் பேச 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண் கட்டணமில்லாமல் இயங்குகிறது. பட்டினி போடுவது, கட்டி வைப்பது, அடித்து விரட்டுவது எந்தப் பெயரில் நடந்தாலும் அது கொடுமை. கூடவே ஜெபியுங்கள், தடையே இல்லை. மாத்திரையை நிறுத்துவது பற்றி மேலே சொன்னது இங்கே இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

இன்னொன்று. கால் முறிந்தவர் வீட்டுக்குப் பழத்தோடு பத்துப் பேர் போகிறோம். மனநோய் வந்த வீட்டுக்கு யாரும் போவதில்லை. அந்த அம்மாவையும் விசாரியுங்கள்.

ஒட்டுற வியாதின்னா போகணுமா? பயமா இருக்கே.

பயம் இயல்பு. கி.பி. 260 வாக்கில் அலெக்சந்திரியாவில் கொள்ளைநோய் வந்தபோது, ஆயர் தியோனிசியு எழுதிய கடிதத்தில், கிறிஸ்தவர்கள் நோயாளிகளை விட்டு ஓடாமல் பணிவிடை செய்ததையும் அதில் பலர் இறந்ததையும் எழுதுகிறார். அவர்களை நினைத்தால் எனக்குக் கண் கலங்கும். ஆனால் அவர்களுக்கு முகக்கவசமும் தடுப்பூசியும் போனும் இல்லை, நமக்கு இருக்கிறது. 2020-ல் நாங்கள் யார் வீட்டுக்கும் போகவில்லை. தினமும் போன் பண்ணினோம், மருந்தையும் சாப்பாட்டையும் வாசலில் வைத்துவிட்டு வந்தோம். அதுவும் விசாரிப்புதான்.

தொழுநோய்க்குப் பயப்பட வேண்டியதில்லை. கூட்டு மருந்து ஆரம்பித்த சிறிது காலத்திலேயே அது தொற்றாது. விரல் மடங்கியிருப்பது பழைய பாதிப்பு, அதைத் தொட்டால் ஒன்றும் வராது. வேலூரில் டாக்டர் பால் பிராண்ட், அப்படி மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்திக் காட்டினார். திருவிருந்தில் அவர்களைக் கடைசி வரிசையில் நிறுத்துகிற வழக்கம் எங்காவது மிச்சம் இருந்தால், அதை இந்த வாரமே விட்டுவிடுங்கள்.

கோயிலுக்கே வராதவங்க, சந்தா கட்டாதவங்க, வேற மதத்துக்காரங்க. இவங்களையும் பார்க்கணுமா?

ஆண்டவர் சொன்ன கதையில் சமாரியன், வழியில் குற்றுயிராகக் கிடந்தவனிடம் நீ எந்தச் சபை என்று கேட்கவில்லை. காயத்தில் எண்ணெயும் திராட்சரசமும் வார்த்துக் கட்டினான், சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்தான், மேலே செலவானால் திரும்பி வரும்போது தருவேன் என்றான். பார்க்க வேண்டும் என்பதுதான் பதில்.

வேறு மதத்தவர் வீட்டுக்குப் போகும்போது துண்டுப் பிரதியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். எழுந்து போக முடியாமல் படுத்திருப்பவரிடம் மதம் பேசுவது நியாயமில்லை. அவராக ஜெபிக்கச் சொன்னால் ஜெபியுங்கள்.

ஆபரேஷனுக்கு லட்சக்கணக்குல கேக்குறாங்க. சபைப் பணத்துல குடுக்கலாமா?

தர்மப் பண்டிலிருந்து கமிட்டி முடிவு செய்து கொடுக்கலாம். ஆனால் அதற்கு முன் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் அந்தக் குடும்பம் இருக்கிறதா என்று பாருங்கள். தகுதியுள்ள குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று வேண்டும். இந்தச் சான்றுக்காக அலைவதற்குத்தான் நோயாளி வீட்டில் ஆள் இருக்காது. வாலிபர் ஐக்கியப் பிள்ளைகள் இரண்டு பேர் ஒரு நாள் பைக்கில் அலைந்தால், காணிக்கைத் தட்டில் விழுவதைவிடப் பெரிய தொகை வந்து சேரும்.

யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதை ஆராதனையில் வாசிக்காதீர்கள். வியாதியைச் சொல்வதற்குக் கேட்க வேண்டிய சம்மதம் இதற்கும் வேண்டும்.

டாக்டர் கைவிட்டுட்டார். 'சுகமாயிருவீங்க'ன்னு தைரியம் சொல்லலாமா?

நம்பிக்கை கொடுக்கிறோம் என்று நினைத்து நாம் அவரைத் தனியாக்கிவிடுகிறோம். அவருக்குத் தெரியும். வீட்டிலும் தெரியும். எல்லாரும் தெரியாதது போல நடித்தால், பிள்ளைகளிடம் சொல்ல வேண்டியதை அவர் யாரிடம் சொல்வார்? "பயமா இருக்கா?" என்று ஒருவர் கேட்க வேண்டும். கேட்டுவிட்டு எழுந்து போகாமல் இருக்க வேண்டும்.

டாக்டர் கைவிட்ட பிறகும் வைத்தியம் இருக்கிறது. வலியைத் தணிக்கும் வலிநிவாரணப் பராமரிப்பு என்பது தனித் துறை. ஆழ்ந்த விசுவாசியான சிசிலி சாண்டர்ஸ் 1967-ல் லண்டனில் இதற்கென்றே ஓர் இல்லம் தொடங்கினார். உடம்பின் வலியோடு மனசின் வலி, குடும்பத்தின் வலி, ஆத்துமாவின் வலி எல்லாவற்றையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். மார்பின் கொடுத்தால் சீக்கிரம் செத்துவிடுவார் என்ற பயம் நம் ஊரில் அதிகம். டாக்டர் சொன்ன அளவில் கொடுத்தால் அது வலியைத்தான் எடுக்கும். தமிழ்நாட்டில் 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில், வீட்டுக்கே வந்து இந்தப் பராமரிப்பைத் தருகிறார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

மூணு வருஷமா புருஷனைப் பார்த்துக்கிற ஒரு அக்கா, சபைக்கே வர்றதில்ல. என்ன செய்றது?

வர முடியாதவரை "வாங்க" என்று கூப்பிட்டுப் பயனில்லை. படுக்கைப்புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். ராத்திரியும் பகலும் மூன்று வருஷம் அதைச் செய்கிறவருக்குத் தூக்கம் ஏது?

எங்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒரு நோட்டு போட்டோம். மாதத்தில் இரண்டு ஞாயிறு, காலை எட்டு மணிக்கு இரண்டு பேர் அப்படிப்பட்ட வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார்கள். எப்படித் திருப்புவது, எப்படிக் கஞ்சி கொடுப்பது என்று முந்தின நாளே போய்க் கற்றுக்கொள்வார்கள். அந்த ஞாயிறு அவர்களுக்கு ஆராதனை அந்த வீட்டில்தான். நீங்கள் கேட்கிற மாதிரியே ஒரு அக்கா, முதல் ஞாயிறு வெள்ளைப் புடவை கட்டிக் கோயிலுக்கு வந்தார். இரண்டாவது ஞாயிறு வரவில்லை. அப்புறம் கேட்டால், பக்கத்து அறையில் படுத்துப் பன்னிரண்டு மணி வரை தூங்கினேன் என்றார். நோட்டில் அவர் பெயருக்கு நேரே நாங்கள் இரண்டு ஞாயிறையும் டிக் அடித்துக்கொண்டோம்.